பதினேழு குரல்களும் ஒரே உடலும்

2018 ஆகஸ்ட் மாதம் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் ஒரு நாடகக் குழுவுக்கு நெருக்கடி வந்தது. அந்நகரின் கோடை விழாவில் பேராலயத்தின் முன்வாசலில், திறந்தவெளியில் நடக்கும் நாடகம் ‘யெடர்மன்’. அதன் நாயகன் தோபியாஸ் மொரெட்டி உடல்நலம் குன்றிப் படுத்துவிட்டார். நாடகம் முழுக்கச் செய்யுள். நாயகனோ மேடையை விட்டு அதிகம் இறங்காதவன். அப்படியொரு வேடத்தை மிகக் குறுகிய அவகாசத்தில் யாரால் ஏற்க முடியும்? பிலிப் ஹோக்மையர் என்ற நடிகர் ஏற்றார். நாயகனின் வசனம் மட்டுமல்லாமல் மரணத்தின் வசனம், தாயின் வசனம், காதலியின் வசனம், செல்வத்தின் வசனம், பிசாசின் வசனம் என்று அத்தனையும் அவருக்கு மனப்பாடம். 2013 முதலே அவர் அந்த நாடகத்தைத் தனியொருவராக நடித்து வந்திருந்தார். இசைக்கு மட்டும்தான் உடன் ஆள்.

இதை நினைவாற்றலின் சாதனை என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. எத்தனையோ நாடகங்கள் இருக்க, தனியாளாக நடிக்க அவருக்கு ஏன் இந்த நாடகம் கிடைத்தது? இது ஐந்நூறு ஆண்டுப் பழமையுள்ள ‘எவ்ரிமேன்’ என்ற ஆங்கில அறநெறி நாடகத்தின் வழிவந்தது. அந்த மூல நாடகத்தை ஊன்றிப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். ஒரே நடிகர் அதை நடிப்பது வித்தை காட்டுவதற்கோ செலவைக் குறைப்பதற்கோ கண்டுபிடித்த வழி அல்ல. நாடகத்தின் உள்கட்டுமானமே அதைத்தான் கேட்கிறது.

இடைக்கால ஐரோப்பாவில் சமய நாடகங்கள் பல வகையாக இருந்தன. பைபிள் சம்பவங்களைச் சுழற்சியாக நடித்துக் காட்டியவை ஒரு வகை. புனிதர்களின் வாழ்வையும் அற்புதங்களையும் சொன்னவை இன்னொரு வகை. மூன்றாவதுதான் அறநெறி நாடகம். அதில் ஆபிரகாமும் இல்லை, புனித நிக்கோலாசும் இல்லை. பாத்திரங்களின் பெயர்களே நட்பு, செல்வம், அழகு, மரணம் என்றுதான் இருக்கும். நடுவில் ஒரு மனிதன். அவனுக்கும் சொந்தப் பெயர் கிடையாது. மனிதகுலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஆள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ‘விடாமுயற்சியின் கோட்டை’ என்ற ஆங்கில நாடகம் மூவாயிரத்து அறுநூறு வரிகளுக்கு மேல் நீள்கிறது. அதன் மேடை எப்படி அமைய வேண்டும் என்ற வரைபடமும் கையெழுத்துப் பிரதியில் இருக்கிறது. அதற்கு ஊரே கூடி நடிக்க வேண்டும். ‘எவ்ரிமேன்’ அப்படிப்பட்டதல்ல. 921 வரிகள்தான். பதினேழு பாத்திரங்கள். நிதானமாக வாய்விட்டுப் படித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மழைநாளில் அப்படித்தான் முழுவதையும் படித்தேன். ஓராள் நாடகத்தைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் விழுந்தது.

கதை எளியது. மனிதர்கள் தம்மை மறந்து பொருளில் மூழ்கிவிட்டார்கள் என்று கடவுள் வருந்துகிறார். மரணத்தை அழைத்து, எவ்ரிமேனை, அதாவது ‘ஒவ்வொருவனை’, கணக்குப் புத்தகத்தோடு கூட்டிவரச் சொல்கிறார். குதூகலமாக நடந்துபோகிறவனை மரணம் நில் என்று தடுக்கிறது. அவன் முதலில் தவணை கேட்கிறான். பிறகு ஆயிரம் பவுன் தருகிறேன், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று லஞ்சம் பேசுகிறான். மரணம் அசையவில்லை. துணைக்கு யாரையாவது அழைத்துவரலாமா என்கிறான். வருகிறவர் இருந்தால் அழைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு மரணம் போய்விடுகிறது.

இதன் பிறகு வரும் காட்சிகளில் ஐந்நூறு ஆண்டுத் தூசி கொஞ்சமும் இல்லை. நட்பு வருகிறது, நீ நரகத்துக்குப் போனாலும் உடன் வருவேன் என்று சத்தியம் செய்கிறது. எங்கே போக வேண்டும் என்று தெரிந்தவுடன் பின்வாங்குகிறது. சாப்பிடவும் குடிக்கவும் பெண்களைத் தேடவும் அழைத்தால் வருவேன், யாரையாவது கொல்ல வேண்டுமென்றாலும் கைகொடுப்பேன், இந்தப் பயணத்துக்கு மட்டும் வர மாட்டேன் என்கிறது. அடுத்து இரத்த உறவு. தான் வராமல், ஊர்சுற்றப் பிடித்த தன் வேலைக்காரியை அனுப்புவதாகச் சொல்கிறது. ஒன்றுவிட்ட சகோதரனோ கால்விரலில் நரம்பு இழுத்துக்கொண்டிருக்கிறது என்கிறான். மரண ஊர்வலத்துக்கு அழைக்கப்பட்டவன் கால்விரலைக் காட்டித் தப்பிக்கிறான்! எழுதியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. மனிதர்களை அவர் எவ்வளவு நெருக்கத்தில் பார்த்திருக்கிறார் என்பதற்கு அந்தக் கால்விரலே போதும்.

கடைசியாகச் செல்வத்தைக் கூப்பிடுகிறான். அது எழுந்துகூட வரவில்லை. மூலையில் மூட்டையாகக் கட்டப்பட்டு, பெட்டிக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கிறேன், அசைய முடியாது என்று படுத்தபடியே பதில் சொல்கிறது. உன்னோடு வந்தால் உன் கணக்கு இன்னும் மோசமாகும், என்னால்தான் உன் புத்தகம் கறைபட்டது என்று உண்மையையும் சொல்லிவிடுகிறது. மற்றவர்கள் எல்லோரும் பொய் சொன்ன இடத்தில் செல்வம் ஒன்றுதான் நேர்மையாகப் பேசுகிறது. நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

எல்லோரும் கைவிட்ட பிறகு அவனுக்கு நற்செயலின் நினைவு வருகிறது. அவளோ குளிர்ந்த தரையில் கிடக்கிறாள். அவனுடைய பாவங்களே அவளைக் கட்டிப்போட்டிருக்கின்றன. எழுந்து நிற்கவும் வலுவில்லை. கணக்குப் புத்தகத்தைப் பிரித்தால் ஓர் எழுத்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. நற்செயல் தன் சகோதரி அறிவை அவனுக்குத் துணையாக்குகிறாள். இங்கே அறிவு என்பது நூலறிவு அல்ல. தன் குற்றத்தைத் தானே அறிந்து ஒப்புக்கொள்ளும் அறிவு. அவள் அவனைப் பாவசங்கீர்த்தனத்திடம், அதாவது பாவங்களை அறிக்கையிடும் சடங்கே உருவெடுத்த பாத்திரத்திடம், அழைத்துப்போகிறாள். அவன் தன்னைத்தானே சாட்டையால் அடித்துத் தவம் செய்கிறான். அவன் அடிபட அடிபட நற்செயலுக்கு வலு ஏறுகிறது, எழுந்து நடக்கிறாள்.

இந்த இடத்தில் நாடகம் தன் பாதையை மாற்றுகிறது. அழகு, வலிமை, விவேகம், ஐம்புலன் என்று நான்கு புதிய துணைகள் வருகின்றன. முதல் பாதியில் வந்த நட்பும் உறவும் செல்வமும் அவனுக்கு வெளியே இருப்பவை. இந்த நான்கும் அவனுடைய உடலிலும் மனத்திலும் இருப்பவை. நண்பன் ஓடினால் துரோகம் என்று சொல்லலாம். அழகு ஓடினால் யாரைக் குற்றம் சொல்வது? கல்லறையைக் கண்டதும் முதலில் அழகு விலகுகிறது, பிறகு வலிமை, பிறகு விவேகம், கடைசியில் ஐம்புலன். படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவரை விட்டு எவையெல்லாம் எந்த வரிசையில் போகின்றன என்று அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே மேடையில் பதினேழு பேர் வந்துபோனாலும், அவர்களில் பலர் ஒரே மனிதனின் கூறுகள். பலர் சேர்ந்து நடிக்கும்போது நாம் பார்ப்பது பிறர் அவனைக் கைவிடும் கதை. ஒருவரே நடிக்கும்போது பார்ப்பது வேறு. சத்தியம் செய்த வாயும் மறுத்த வாயும் கெஞ்சிய வாயும் ஒன்றாகிவிடுகின்றன. நட்பின் சாக்கைச் சொன்ன அதே முகம், அடுத்த கணம் அதைக் கேட்டு வெளிறுகிறது. இன்னொருவனின் மரணப் பயணத்தில் நாமும் இதே சாக்கைச் சொல்லியிருக்கிறோமே என்ற உறுத்தல் பார்வையாளருக்கு வருவது இங்கேதான். பலர் நடிக்கும் மேடையில் எவ்ரிமேன் பாதிக்கப்பட்டவன். தனி நடிப்பில் அவனே நட்பும், அவனே கால்விரல் பிடித்த சகோதரனும். ‘ஒவ்வொருவன்’ என்ற பெயருக்கு அப்போதுதான் முழுப் பொருள் கிடைக்கிறது.

இது இக்காலத்து நவீன வாசிப்பு என்று யாரும் ஒதுக்க வேண்டாம். பழைய அச்சுப் பிரதிகளே இதற்கு இடம் தருகின்றன. ‘எவ்ரிமேன்’ 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டனில் அச்சானது. நான்கு பதிப்புகளின் பிரதிகள் எஞ்சியிருக்கின்றன: ரிச்சர்ட் பின்சன் அச்சிட்டவை இரண்டும் சிதைந்தவை, ஜான் ஸ்காட் அச்சிட்டவை இரண்டும் முழுமையானவை. ஸ்காட்டின் பதிப்பு தன்னை நாடகம் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை. ‘இது ஒரு நூல், அறநெறி நாடகத்தின் பாங்கில் அமைந்தது’ என்ற பொருளில்தான் அதன் தலைப்பு தொடங்குகிறது. அந்தக் காலத்தில் இது இன்ன ஊரில் மேடையேறியது என்று காட்டும் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. ‘எல்கர்லைக்’ என்ற டச்சு நாடகத்திலிருந்து இது ஆங்கிலத்துக்கு வந்தது என்பதே இன்று பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. டச்சு நகரங்களில் பாவலர் மன்றங்கள் போட்டி வைத்து நாடகம் நடத்தின. ஆனால் ஆங்கில வடிவத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் அதைக் கையில் வைத்துப் படித்திருப்பார். ஒருவர் வாய்விட்டுப் படிக்க வீட்டார் சுற்றி உட்கார்ந்து கேட்பது அக்காலத்தில் இயல்பான படிப்புமுறை. அப்படிப் படித்தவர் கடவுளின் குரலையும் மரணத்தின் குரலையும் செல்வத்தின் குரலையும் ஒரே தொண்டையில்தான் கொண்டுவந்திருக்க வேண்டும்.

அதற்கு முன்பும் இடைக்கால ஐரோப்பாவுக்கு ஒரு குரல் பலராவது புதிதல்ல. ரோமானிய நாடகாசிரியர் டெரன்சின் நாடகங்களை அந்தக் காலத்தில் எப்படி நடத்தினார்கள் என்பது பற்றி இடைக்காலத்தவர்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. கல்லியோப்பியஸ் என்ற ஒருவர் சிறு மண்டபத்துக்குள் அமர்ந்து எல்லா வசனத்தையும் படிப்பாராம். முகமூடி அணிந்தவர்கள் வெளியே வாய்திறக்காமல் அசைந்து காட்டுவார்களாம். டெரன்சைப் பற்றிய வரலாறாக அது தவறு. ஆனாலும் 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதியில் அதையே ஓவியமாகத் தீட்டிவைத்திருக்கிறார்கள். நாடகம் என்றவுடன் அவர்கள் மனத்தில் எழுந்த படம் அது. இன்னொரு பக்கம் சந்தைச் சதுக்கங்களில் பிரசங்கம் செய்த துறவிகள் இருந்தார்கள். சியன்னாவின் பெர்னார்தினோ போன்ற பிரான்சிஸ்கன் பிரசங்கிகள் தாங்களே கேள்வி கேட்டு, தாங்களே பாவியின் குரலில் பதில் சொல்லி, கிழவியாகவும் வியாபாரியாகவும் மாறி மாறிப் பேசியவர்கள். அறநெறி நாடகத்தை ஒரு பிரசங்கம் உடலெடுத்து வந்ததாக நினைத்துப் பார்க்கலாம். அதை மறுபடி ஒரு மனிதனின் வாய்க்குள் வைப்பது பிறந்தவீட்டுக்கே திருப்பி அனுப்புவதுதான்.

இந்தக் கதையின் வேர் ஆங்கிலத்திலும் இல்லை, டச்சிலும் இல்லை. இடைக்காலக் கிறிஸ்தவ உலகம் முழுவதும் படிக்கப்பட்ட நூல் ‘பர்லாமும் யோசபாத்தும்’. அதில் மூன்று நண்பர்களின் உவமை வருகிறது. அரசன் ஒருவனைக் கடன் கணக்குக் கேட்டு அழைக்கிறான். உயிரினும் மேலாக அவன் நேசித்த முதல் நண்பன் இரண்டு கந்தல் துணிகளைக் கொடுத்து அனுப்பிவிடுகிறான். இரண்டாமவன் கொஞ்ச தூரம் கூட வந்துவிட்டுத் திரும்புகிறான். அவன் மதிக்காமல் விட்ட மூன்றாமவன்தான் அரசன் முன் அவனுக்காகப் பரிந்து பேசுகிறான். முதல் நண்பன் செல்வம். அது தருவது சவத்துணி மட்டும். இரண்டாமவன் மனைவி மக்கள். மூன்றாமவன் நற்செயல்கள். ‘எவ்ரிமேன்’ நாடகத்தின் கதைக்கூடு முழுவதும் இதற்குள் இருக்கிறது.

யோசபாத் யார்? வெளியுலகத் துன்பம் எதுவும் கண்ணில் படாமல் அரண்மனைக்குள் வளர்க்கப்பட்ட இந்திய இளவரசன். நோயாளியையும் முதியவரையும் பார்த்து மனம் மாறியவன். நமக்குத் தெரிந்த சித்தார்த்தன்தான். போதிசத்துவர் என்ற சொல் அரபியில் புதாசஃப் ஆகி, எழுத்துப் புள்ளி மாறி யுதாசஃப் ஆகி, ஜார்ஜிய மொழி வழியாகக் கிரேக்கத்துக்கும் பிறகு லத்தீனுக்கும் போய் யோசபாத் ஆனது. 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வொராஜினே தொகுத்த புனிதர் வரலாறான ‘பொன் மரபு’ இந்தக் கதையையும் உவமையையும் லத்தீனில் ஐரோப்பா எங்கும் கொண்டு சேர்த்தது. இங்கிலாந்தின் முதல் அச்சுக்காரர் வில்லியம் காக்ஸ்டன் அதை 1483இல் ஆங்கிலத்தில் அச்சிட்டார். புத்தர் இப்படிக் கத்தோலிக்கப் புனிதர் பட்டியலிலும் ஏறி, நவம்பர் 27 அவருடைய நினைவு நாளாயிற்று.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ‘எவ்ரிமேன்’ தமிழ் வாசகருக்கு வெளியூர்க்காரனாகத் தோன்றாது. இளமையும் நிற்காது, உடலும் நிற்காது, செல்வமும் நிற்காது, புதல்வரும் மேலுலகம் தர மாட்டார்கள் என்று வரிசையாக ஒவ்வொன்றாய் விலக்கி, ‘மிக்க அறமே விழுத்துணை யாவது’ என்று முடிக்கிறது மணிமேகலை. தமிழின் பௌத்தக் காப்பியம் ஓர் அடியில் சொன்னதை அந்த ஆங்கில நாடகம் 921 வரிகளில் நடத்திக் காட்டுகிறது. பட்டினத்தார் இன்னும் நெருங்கி வருகிறார். செல்வம் வீடு மட்டும், மனைவி வீதி மட்டும், மைந்தர் சுடுகாடு மட்டும் என்று ஒவ்வொருவரும் நின்றுவிடும் எல்லையைக் கோடுபோட்டுக் காட்டிவிட்டு, ‘பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே’ என்கிறார். யார் எந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள் என்ற இந்த வரிசைதான் அந்த நாடகத்தின் மேடைக் குறிப்பும்கூட.

இனி நடிப்பின் நுட்பத்துக்கு வருகிறேன். ஒருவரே பலராவதை நம் ஊரில் கதாகாலட்சேபத்தில் பார்த்திருக்கிறோம். நந்தனார் சரித்திரம் சொல்லும் பாகவதர் தோளைக் குறுக்கினால் நந்தன், நிமிர்ந்தால் வேதியர். ஆனால் பாகவதருக்கு ஒரு வசதி உண்டு. எப்போது வேண்டுமானாலும் கதைசொல்லியாக மாறி, ‘என்றான் நந்தன்’ என்று சொல்லி மூச்சுவிட்டுக்கொள்ளலாம். ‘எவ்ரிமேன்’ நாடகத்தைத் தனியாக நடிப்பவருக்கு அந்தக் கரை கிடையாது. தொடக்கத்தில் தூதுவன், முடிவில் மறையறிஞர் என்று இரண்டு அறிவிப்பாளர்கள் இருக்கிறார்கள். இடையில் உள்ளது முழுவதும் உரையாடல். யார் பேசுகிறார்கள் என்பதை உடல் ஒன்றுதான் சொல்ல வேண்டும்.

இதில் குரலை மாற்றுவதுதான் பெரிய வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். குரலைவிடப் பார்வை முக்கியம். எவ்ரிமேன் மரணத்தை எந்த உயரத்தில் பார்க்கிறான்? அண்ணாந்து பார்த்தால் மரணம் அரசனாகிறது. நேராகப் பார்த்தால் அது தன் வயதொத்த மனிதனாகிறது. தாழப் பார்த்தால் குழந்தையைப் போன்ற மரணம், அதுதான் எல்லாவற்றிலும் அச்சமூட்டும். முதல் சந்திப்பில் அந்த உயரத்தைத் தீர்மானித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. இன்னொரு சிக்கல், கேட்பவர் மேடையில் இல்லை என்பது. இருவர் நடிக்கும்போது ஒருவர் பேச, மற்றவர் முகத்தில் அதன் விளைவைப் பார்க்கிறோம். தனி நடிகர் நட்பாகப் பேசும் நேரத்தில் எவ்ரிமேனின் முகம் அங்கே இல்லை. அந்த முகத்தைத் தன் அடுத்த வசனத்துக்கு முன் வரும் மௌனத்துக்குள் அவர் வைத்தாக வேண்டும். இந்த நாடகத்தைத் தனியாக நடிப்பவரின் தரத்தை அந்த மௌனங்களின் நீளத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

மேலும் கடினமான இடம் ஒன்று உண்டு. எவ்ரிமேன் குருவிடம், அதாவது பாதிரியாரிடம், போய் நற்கருணை, அவஸ்தைப்பூசுதல் என்ற இறுதிநேரச் சடங்குகளைப் பெற்றுக்கொள்கிறான். அது மேடைக்கு வெளியே நடக்கிறது. அந்த நேரத்தில் ஐம்புலன் குருத்துவத்தின் மேன்மையைப் பேச, அறிவு காசுக்கு அருளை விற்கும் கெட்ட குருக்களைச் சாடுகிறாள். நாயகன் இல்லாத மேடை அது. ஆனால் தனி நடிகரின் உடல் இங்கேயே நிற்கிறதே! அதுவரை பார்வையாளர்கள் அந்த உடலை எவ்ரிமேன் என்றே நம்பிப் பழகியிருப்பார்கள். இந்தக் காட்சியை வெட்டிவிட்டால் சிக்கல் தீரும். வெட்டுவது தவறு என்று நினைக்கிறேன். நாயகன் இல்லாத நேரத்திலும் அவனுடைய அறிவும் புலன்களும் பேசிக்கொண்டிருக்கின்றன என்பதைத் தனி நடிப்பைப் போல வேறு எந்த வடிவமும் காட்ட முடியாது.

தனி நடிப்பில் இழப்பும் உண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. பலர் நடிக்கும் மேடை கண்முன்னே காலியாகிறது. நிறைந்திருந்த இடத்தில் ஒவ்வொருவராகப் போக, கடைசியில் மூவர் மட்டும் கல்லறை விளிம்பில் நிற்பதைப் பார்ப்பது தனி அனுபவம். ஓராள் நாடகத்தில் மேடை தொடக்கத்திலிருந்தே காலி. அந்த வெறுமையை முதல் பாதியில் மறக்கச் செய்து, இரண்டாம் பாதியில் நினைவுபடுத்த வேண்டிய பெரும் பொறுப்பு நடிகர் தலையில் விழுகிறது.

16ஆம் நூற்றாண்டின் புராட்டஸ்டன்ட் சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் இங்கிலாந்தில் இவ்வகை நாடகங்கள் மங்கிப்போயின. விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்று நம்பியவர்களுக்கு, நற்செயலைக் கைப்பிடித்துக் கல்லறைக்குள் இறங்கும் கதை ஏற்கத்தக்கதாக இருந்திருக்காது. மறுவாழ்வு 1901 ஜூலையில் வந்தது. வில்லியம் போயல் தம் எலிசபெத்தியன் மேடைச் சங்கத்தின் மூலம் லண்டன் சார்ட்டர்ஹவுஸ் வளாகத்தில் அதை அரங்கேற்றினார். அடுத்த ஆண்டுகளில் பென் கிரீட் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது எவ்ரிமேனாக நடித்துப் புகழ்பெற்றவர் எடித் வின் மாத்திசன் என்ற பெண். ‘ஒவ்வொருவன்’ என்பவன் ஆணாக இருக்க வேண்டியதில்லை என்று அன்றே மேடை ஒப்புக்கொண்டது.

ஜெர்மன் மொழிக்கு இதைக் கொண்டுசென்றவர் கவிஞர் ஹூகோ ஃபொன் ஹோஃப்மன்ஸ்தால். அவருடைய ‘யெடர்மன்’ 1911 டிசம்பர் 1 அன்று பெர்லினில் ஒரு சர்க்கஸ் அரங்கில் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் இயக்கத்தில் அரங்கேறியது. 1920 ஆகஸ்ட் 22 அன்று அதே ரைன்ஹார்ட் அதைச் சால்ஸ்பர்க் பேராலயச் சதுக்கத்தில் நடத்தினார். சால்ஸ்பர்க் விழா அன்றுதான் பிறந்தது. விருந்து நடுவே ‘யெடர்மன்!’ என்ற நெடுங்குரல் தேவாலயக் கோபுரங்களிலிருந்தும் மலைக்கோட்டையிலிருந்தும் இறங்கி வரும். நகரமே மரணத்தின் தொண்டையாகிவிடும். தனி நடிப்புக்கு நேரெதிரான முனை அது. 1938இல் நாஜிகள் இந்த நாடகத்தை விழாவிலிருந்து நீக்கினார்கள். ரைன்ஹார்ட் யூதர், ஹோஃப்மன்ஸ்தாலுக்கும் யூத வம்சாவளி. நாட்டைவிட்டுப் போன ரைன்ஹார்ட் 1943இல் நியூயார்க்கில் இறந்தார். நாடகம் போருக்குப் பின் 1946இல்தான் சதுக்கத்துக்குத் திரும்பியது.

இவ்வளவு பெரிய ஏற்பாட்டை ஒரே உடலுக்குள் சுருக்கியதுதான் ஹோக்மையர் செய்த காரியம். கோபுரங்களிலிருந்து வந்த அழைப்பு அவருடைய வடிவத்தில் அவருக்கு உள்ளிருந்தே வர வேண்டியிருந்தது. பின்னாளில் ராக் இசைக்குழுவோடு அதை வளர்த்தெடுத்து ஊர் ஊராக நடித்தார். 2024இல் சால்ஸ்பர்க் விழாவின் முறையான நாயகனாகவும் ஆனார். அதற்குள் மரணத்தோடும் பிசாசோடும் செல்வத்தோடும் உள்ளேயிருந்து பழகி முடித்திருந்தார் அவர்.

அமெரிக்க நாடகாசிரியர் பிராண்டன் ஜேக்கப்ஸ்-ஜென்கின்ஸ் 2017இல் இதே பழைய நாடகத்தை வேறு வழியில் அணுகினார். முக்கியப் பாத்திரங்களில் யார் எது என்பதை ஒவ்வொரு நாள் ஆட்டத்திலும் மேடையிலேயே சீட்டுக் குலுக்கி முடிவுசெய்தார்கள். சீட்டில் சேர்ந்தவர்கள் ஐந்து நடிகர்கள், 120 வகைச் சேர்க்கைகள். ஐவரும் சீட்டில் வரும் எல்லாப் பாத்திரங்களையும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். தனி நடிகர் ஒரே இரவில் செய்வதை அந்த ஐவரும் பல இரவுகளில் பகிர்ந்துகொண்டார்கள் என்று சொல்லலாம்.

நம்பிக்கையுள்ளவர்களுக்கு இந்த நாடகம் இன்னும் பிரசங்கம்தான். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு அது மரணத்தைப் பற்றிய நாடகம். இரு சாராரையும் ஒரே அரங்கில் உட்கார வைத்துக்கொண்டு கடவுளின் வசனத்தைத் தன் வாயால் சொல்ல நேரும் நடிகர் என்ன செய்வார்? அந்த வசனம் கோபமாகத் தொடங்குவதில்லை என்பதை அவர் கவனிக்க வேண்டும். அது மறக்கப்பட்ட ஒருவரின் வருத்தம். முதல் பக்கத்தில் கடவுள் கைவிடப்பட்டவராகப் பேசுகிறார். அடுத்த பக்கங்களில் மனிதன் கைவிடப்பட்டவனாகப் பேசுகிறான். இரண்டும் ஒரே வாயிலிருந்து வரும்போது அந்த ஒற்றுமை காதில் விழுகிறது. பதினேழு பேர் நடிக்கும் மேடையில் அது தப்பிப்போய்விடும்.

இன்னொன்றும் கவனித்தேன். ஆங்கில நாடகத்தின் இறுதிக் காட்சியில் மரணம் மேடைக்கு வருவதே இல்லை. தொடக்கத்தில் ஒருமுறை வந்து அழைத்துவிட்டுப் போனதோடு அதன் வேலை முடிந்தது. அவன் சாவது துணைகள் ஒவ்வொன்றாய் விலகுவதால்தான். கடைசியில் மூவர் மட்டும் கல்லறை விளிம்பில் மிஞ்சுகிறார்கள்: எவ்ரிமேன், நற்செயல், அறிவு. நற்செயல் அவனோடு உள்ளே இறங்குகிறாள். அறிவு விளிம்புவரை வந்து வெளியே நின்றுவிடுகிறாள். நாமெல்லாம் படப்போவதை இவன் பட்டு முடித்துவிட்டான், சம்மனசுகள், அதாவது வானதூதர்கள், பாடுவது கேட்கிறது போலிருக்கிறது என்று சொல்வது அவள்தான்.

மூவரையும் ஒருவரே நடிக்கும்போது அந்த உடல் உள்ளே போவதா, வெளியே நிற்பதா? உள்ளே போனால் பாடலைக் கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. வெளியே நின்றால் இறந்தவன் யார் என்று தெரியாது. அன்று வாய்விட்டுப் படித்தபோது இந்த வரியில்தான் நின்றுவிட்டேன். பிறகு புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து, இரண்டடி தள்ளி நின்று, அறிவின் வசனத்தை அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன்.